மருந்தடிக்கிறவர்களுக்கு நோவே இல்லையாம்!

கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு தோட்டம் தோட்டமாக அலைகிற வேலையில், பதிலைவிடத் திட்டுதான் அதிகம் கிடைக்கும். நீங்களும் ஒருமுறையாவது அட்டையும் பென்சிலுமாகத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் நாய்க்குப் பயந்து நின்றவரானால், வாருங்கள், சேர்ந்து புலம்பலாம்.

எண்பதுகளில் ஒரு நீண்ட விடுமுறை. எங்கள் பேராசிரியரின் ஆய்வுக்காக, மலேசியாவில் கோலா சாவா பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றுக்குப் போனேன். களைக்கொல்லி அடிக்கும் பெண்களின் உடல்நிலையைப் பதிய வேண்டும். அந்த வேலைக்குக் கையுறை கட்டாயமா, பால் கொடுக்கும் தாய்மாரை அதில் போடலாமா என்று எங்கள் அறிக்கையை வைத்துத்தான் சிரம்பானில் ஒரு குழு முடிவு செய்யும். எவ்வளவு பெரிய பொறுப்பு என்று பெருமையோடு பஸ் ஏறினேன். பெருமை பஸ் ஸ்டாண்டோடு சரி.

சீக்கு என்றால் என்ன?

முதல் ஆள் சரசு அக்கா. நாலு மாதக் குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, முதுகில் மருந்துப் பம்போடு நாளெல்லாம் நடப்பவர். வலது கையில் இரண்டு நகங்களைக் காணோம். மற்றவை கறுத்து, விளிம்பில் தூக்கிக்கொண்டு நின்றன. மூக்கைத் துடைத்த துண்டில் ரத்தக் கறை.

தாளில் அச்சடித்திருந்தபடியே கேட்டேன்: "கடந்த மாதம் உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது வந்ததா?" இல்லை என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பின்ன இது என்னக்கா?" என்று துண்டைக் காட்டினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இது மருந்தால வர்றது தங்கச்சி. சீக்குன்னா படுத்துக் கெடக்கணும்லா. நான்தான் நடக்கிறேனே!"

மஞ்சள் தண்ணீர் வைத்தியம்

வாய்ப் பதில் போதாது, ஆஸ்பத்திரிப் பதிவேட்டையும் பார் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். எம்.சி. என்கிற விடுப்புச் சீட்டு கொடுத்த நாளெல்லாம் நோய் நாள். சீட்டு இல்லையா, நோய் இல்லை. இந்த இலக்கணத்தை யார் வகுத்தாரோ, அவர் ஒரு நாளாவது பம்பைத் தூக்கிப் பார்த்திருக்க வேண்டும்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் பதிவேட்டை மறைக்கவெல்லாம் இல்லை. பால் மரம் வெட்டுகிறவர்களுக்குக் காய்ச்சல், பாம்புக்கடி என்று வரிசையாகச் சீட்டு. மருந்தடிக்கிறவர்கள் பேருக்கு நேராக, புண்ணுக்குத் தடவும் மஞ்சள் தண்ணீர் மட்டும். ஏன் ஒரு சீட்டுகூட இல்லை என்று அரைமணி நேரம் வாதாடினேன். அவர் பஞ்சைச் சுருட்டிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்: "நகம் போனதுக்கெல்லாம் நான் எம்.சி. குடுத்தா, தொரை எனக்கு நெரந்தரமா எம்.சி. குடுத்துருவாரு."

படத்துக்கு மட்டும்

அறிக்கையில் போடப் படம் வேண்டும். கேமராவோடு பெரட்டுக்குப் போனேன். விடியற்காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் இடம் அது. போனால், பெண்கள் எல்லார் கையிலும் புத்தம் புதுக் கையுறை! ஒருத்திக்கு ஒரு பக்கம் பெரிது, ஒருத்திக்கு இரண்டுமே இடது கை. சரசு அக்கா தன் கையுறையையே யாருடையதோ மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் எடுக்க மாட்டேன் என்று நின்றுவிட்டேன். வேலையை மேய்க்கும் மண்டோருக்குக் கோபமெல்லாம் வரவில்லை. ரப்பர் பால் சேர்க்கும் கித்தா வாளி ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். "எடுக்கலைன்னா போகுது மிஸ். ஏய், எல்லாரும் கழட்டி இதுல போடுங்க, கிழிச்சிராதீங்க. அடுத்த மாசம் இன்னொரு ஆபீசர் வர்றாராம்லா."

கோபத்துக்குக் கட்டம் இல்லை

பேராசிரியரின் ஆட்கள் கணக்குப் போட்டு முடித்தார்கள். என்ன முடிவு தெரியுமா? அந்தத் தோட்டத்திலேயே ஆரோக்கியமானவர்கள் மருந்தடிக்கும் பெண்கள்தானாம்! சீட்டே வாங்காதவர்கள் ஆயிற்றே. இதை இப்படியே அனுப்பினால் சரசு அக்கா ஆயுள் முழுக்கப் பம்பு சுமக்க வேண்டியதுதான் என்று பேராசிரியர் அறையில் கத்தினேன். நல்ல மனுஷன், கதவை மட்டும் சாத்தினார். "உன் கோபம் நியாயம்தாம்மா. ஆனா அதை இந்தத் தாள்ல எந்தக் கட்டத்துல டிக் பண்றது?"

கை மட்டும்

கட்டம் இல்லையென்றால் வெள்ளைத்தாள் இருக்கிறதே. மறுபடி தோட்டத்துக்குப் போய், ஒவ்வொருத்தி கையையும் தாளில் வைக்கச் சொல்லிச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டேன். விழுந்த நகத்துக்குப் பெருக்கல் குறி, கறுத்த நகத்துக்குப் புள்ளி. பேர் போட்டால் வேலை போய்விடும் என்று சரசு அக்கா பயந்தார். அதனால் யார் பேரும் இல்லை. குழந்தைக்குப் பால் கொடுப்பவரா என்று மட்டும் ஓரத்தில் குறித்தேன்.

பேராசிரியர் அந்தத் தாள்களை அறிக்கையோடு இணைத்தார். சிரம்பான் கூட்டத்துக்கு, கோப்பு தூக்க என்று சொல்லி என்னையும் அழைத்துப் போனார். குழுத் தலைவர் ஒவ்வொரு கையாகப் புரட்டிவிட்டு, பேரில்லாத கையை எப்படி நம்புவது என்றார். கோப்பு தூக்க வந்தவள் பேசக்கூடாதுதான். பேசினேன். "பேர் போட்டா நாளைக்குப் பெரட்டுல அவங்களுக்கு வேலை இருக்காது, துவான். நம்பிக்கை இல்லைன்னா நீங்களே ஒரு தடவை வந்து பாருங்க." தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "சரி, பால் கொடுக்கும் தாய்மாரை முதலில் எடுத்துவிடலாம். மற்ற கைகளை அடுத்த ஆய்வில் பார்த்துக்கொள்வோம்."

சுற்றறிக்கை வந்தது

சில மாதம் கழித்துத் தோட்டத்துக்குப் போனேன். சுற்றறிக்கை ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்தது. சரசு அக்கா புல் வெட்டுக்கு மாறியிருந்தார். இரண்டு விரலிலும் பிறை மாதிரிப் புது நகம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் அக்கா என்றேன்.

அவர் வெட்டுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, எதிர் வரிசையைக் கண்ணால் காட்டினார். அவருடைய புருஷனின் தங்கை, கல்யாணமாகாத பெண், வெறுங்கையோடு பம்பில் மருந்து கலக்கிக்கொண்டிருந்தாள். "ஆமா தங்கச்சி, ஜெயிச்சோம். எடம் காலியா கெடக்குமா? என் நாத்தனாளைப் போட்டுட்டாங்க. அவ பால் குடுக்கணும்னா மொதல்ல நீயே ஒரு மாப்பிள்ளை பாரு!"

கொள்கை வகுப்பது எப்படி என்று பரீட்சையில் கேட்டார்கள்; எட்டுப் பக்கம் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன், அதில் ஒரு வரிகூட அந்த நாத்தனாளிடம் படித்துக்காட்டக் கூடியதாக இல்லை.