ஆவுடையம்மாளின் வாசலை விழுங்கிய ரோடு

மட்டாஞ்சேரியில் ரோடு ரோலரை ஒற்றைக் கையால் தள்ளி நிறுத்திய பெண்பிள்ளை தன்னை விட்டால் கிடையாது என்று ஆவுடையம்மாள் சுக்குக் கிடங்கில் உட்கார்ந்து சொல்லுவாள். சுற்றி இருக்கும் பெண்கள் புடைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தால் கொஞ்சம் இறங்கி வருவாள்.

"சரி, தள்ளலை. முன்னாடி போய் நின்னேன். கூட்டித்தான் சொல்லிட்டேன். ஆனா வண்டி நின்னுச்சா, இல்லையா?"

நின்றது. எண்பத்தாறாம் வருஷம், மே மாதக் கடைசி. ஒரு குடும்பக்காரி ரோலர் முன்னால் போய் நிற்கும்படி எது செய்தது என்று கேட்டால், பதினைந்து வருஷத்துக் கோபத்தைச் சொல்லியாக வேண்டும்.

கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் அவளும் புருஷன் ஒச்சப்பனும் குடியேறியபோது வாசலுக்கு மூன்று படி இருந்தது. மேல்படியில் உட்கார்ந்து அவள் தலை சீவினால் போகிறவர்கள் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். மணலும் சிப்பியும் கிடந்த சந்து. மிளகும் இஞ்சியும் வள்ளத்தில் வந்து இறங்கிக் கைவண்டியில் போகும். மழைத்தண்ணீர் கீழ்ப்படியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மரியாதையாக ஓடைக்குப் போய்விடும்.

பிறகு வள்ளம் குறைந்து லாரி வந்தது. லாரிக்காகத் தார் வந்தது. தார் பெயர்ந்தால் பழையதைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும் என்று ஒரு புண்ணியவானுக்காவது தோன்றியதா? பழையதன் மேலேயே புதியது, அதன் மேலே இன்னொன்று. தோசைமேல் தோசை அடுக்குவது போல அடுக்கினார்கள். கீழ்ப்படி போயிற்று. நடுப்படி ஒரு தேர்தலுக்கு முன்னால் போயிற்று. மேல்படி எப்போது போனதென்று யாருக்கும் நினைவில்லை.

எண்பதுக்கு மேல் அவள் அடுப்பங்கரை ஜன்னலில் மனுஷர் முகம் தெரியாது, கால்தான் தெரியும். வெறுங்கால் போய் ரப்பர் செருப்பு வந்ததும், அதற்கு நடுவே துபாய்க்காரர்களின் பூட்ஸ் வந்ததும், மூலையில் இரண்டு வீட்டை இடித்து லாட்ஜ் கட்டியபின் வெள்ளைக்காரக் கால்கள் வழி தெரியாமல் தடுமாறியதும் அவளுக்கு அந்த ஜன்னல் சொன்ன சேதிகள். லாரி ஹாரன் நேராக ரசத்தில் வந்து விழும். எவனோ வீசிய பீடித்துண்டு ஒருநாள் கப்பைக்கிழங்குச் சட்டிக்குள் விழுந்தது. எட்டிப் பார்த்துத் திட்டினால், திட்டு அவன் முழங்காலுக்கு மேல் ஏறவில்லை.

ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கினால் ஓடைத் தண்ணீரும் மீன் கழுவிய தண்ணீரும் விருந்தாளி போல உள்ளே வரும். கட்டில்காலுக்குச் செங்கல் வைத்து அதன்மேல் குடித்தனம் நடக்கும். அந்த வருஷமோ தோப்பும்படியில் கட்டிக்கொடுத்த மகள் ஜெயலக்ஷ்மி, தலைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜூன் மாதம் தாய்வீட்டுக்கு வருகிறாள். பச்சைப் பிள்ளையை எதில் கிடத்துவது, வாளியிலா?

அந்த நேரம் பார்த்து சந்து முனையில் மறுபடியும் ஜல்லி கொட்டினார்கள். அதில் பெரிய கொடுமை, தார் காய்ச்சுகிற கும்பலில் முதல் தாரிலிருந்தே ஒச்சப்பனும் ஒருவன்.

"மறுபடியும் மேலேயா போடப்போறீங்க?" என்றாள், சோறு போட்டுக்கொண்டே.

"பின்னே, ரோட்டுக்குக் கீழேயா போடுவாங்க?" என்றான் அவன், சோற்றைப் பார்த்துக்கொண்டே.

மறுநாள் காலை, புடைக்கப் போன முறத்தோடு அப்படியே ரோலருக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஏ ஆவுடை, நகரு. வண்டிக்குக் கண்ணு கிடையாது" என்றான் மேஸ்திரி ராக்கப்பன்.

"உனக்கும் கிடையாது மேஸ்திரி. இருந்தா என் வீடு எங்கேன்னு தெரிஞ்சிருக்கும். குனிஞ்சு பாரு, அங்கே இருக்கு. என் மவ பிள்ளையோட வர்றா. கொத்தி எடுத்துட்டுப் போடு. இல்லே, என் மேலேயே போட்டுட்டுப் போ. அடுத்த வருஷம் அதுக்கும் மேலே ஒண்ணு போடு."

ராக்கப்பன் சாயா கிளாஸைக் கீழே வைத்தான். "சந்து முழுக்க நாங்க போட்டது ஒரே கனம். உன் வாசல்லே மட்டும் ஏன் ஒட்டகத் திமில் மாதிரி நிக்குதுன்னு உன் ஆளைக் கேளு."

எல்லோரும் திரும்பினார்கள். ஒச்சப்பன் தார் டின்னுக்குள் எதையோ தொலைத்தவன் போலக் கிண்டிக்கொண்டிருந்தான். கடைசியில் முனகினான்.

"ஒவ்வொரு தடவையும் வேலை முடிஞ்சா கொஞ்சம் தார் மிஞ்சும். வீணாப் போகுதேன்னு நம்ம வாசல்லே ஊத்தினேன். நம்ம வாசல் நல்லா இருக்கட்டுமேன்னு..."

"பதினஞ்சு வருஷமாவா?"

"சந்துலேயே நம்ம வாசல்தான் வழவழன்னு இருக்குன்னு நீயும்தானே எதிர்வீட்டுக் கமலாக்ஷிகிட்டே பெருமை பேசினே!"

ஊரே சேர்ந்து தன்னைப் புதைக்கிறது என்று நினைத்திருந்தாள். மண்வெட்டியைப் பிடித்தவன் தன் பாயிலேயே படுத்திருந்திருக்கிறான்! முறத்தால் அவன் தோளில் ஒன்று போட்டாள். "எடுடா கடப்பாரையை!" புருஷனை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை, யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

வெயில் உச்சிக்கு வருமுன் திமில் போயிற்று. அதோடு அவள் விடவில்லை. ரோட்டின் சரிவையே எதிர்ப்பக்கம் திருப்பச் சொன்னாள். வேலை நடந்தால் போதும் என்று ராக்கப்பன் தலையை ஆட்டினான். சரிவைத் திருப்பியதும் ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றிப் பார்த்தாள். தண்ணீர் அவள் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடியது. அப்புறம்தான் ரோலருக்கு வழி விட்டாள்.

"அந்த இடவப்பாதிக்கு ஒரு பொட்டுத் தண்ணி உள்ளே வரலை" என்று கிடங்கில் அவள் கதையை முடிப்பாள். "என் பேரன் தரையிலே பாய் விரிச்சுப் படுத்தான். நியாயம் கேட்டேன், சந்துக்கே வாங்கிக் கொடுத்தேன்."

பக்கத்தில் புடைத்துக்கொண்டிருக்கும் கமலாக்ஷி தலையை நிமிர்த்த மாட்டாள்.

"சந்துக்கில்லே அக்கா, உன் வீட்டுக்கு. அந்த மழைக்கு வெள்ளம் முழுக்க என் வீட்டுக்குள்ளே கேறிச்சு. இப்பவும் கேறுது."