மோடங்களுக்கு வைத்த பொட்டு

தேவராஜ மொஹல்லாவில் ஒரு பிளாஸ்டிக் சாமான் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், எங்கள் அலுவலகம் இருந்தது. வீட்டுத் தொலைபேசி வழியாக இன்டர்நெட் கொடுக்கும் சின்னக் கம்பெனி. கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் எங்கள் எண்ணுக்கு டயல் செய்வார். அவர் வீட்டு மோடம் கீச்சென்று கத்தும், எங்கள் மோடம் பதிலுக்குக் கத்தும், இரண்டும் சமாதானமாகிவிட்டால் இணைப்பு வரும். எங்கள் பக்கத்து மோடங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கொள்ளேகாலம் பக்கத்து ஹனூரிலிருந்து வந்து பெண்கள் விடுதியில் தங்கியிருந்த எனக்கு அதுதான் முதல் உத்தியோகம். ஊரில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் அம்மா "டெலிபோன் ஆபீசு" என்று முடித்துவிடுவாள். எனக்கும் விளக்குகிற பொறுமை கிடையாது.

மோடங்கள் ஒரு பெட்டியில் இருந்தன. பதினாறு மோடம், அலமாரியில் புத்தகம் நிற்கிற மாதிரி நெட்டுக்குத்தலாக, ஒவ்வொன்றின் முகத்திலும் மேலிருந்து கீழே நான்கு பொடி விளக்குகள். பெட்டியைப் பொருத்தும் இரும்புச் சட்டத்துக்கு ரேக் என்று பேர். அதை மார்க்கெட்டில் பூக்கூடை சுமக்கிறவர்கள்தான் மாடிக்கு ஏற்றித் தந்தார்கள். உள்ளே என்ன என்று ஒருவர் கேட்டார். ஃபோன் வந்தால் எடுக்கிற மெஷின் என்றேன். ஃபோன் எடுக்கவா இவ்வளவு கனம் என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

பொருத்தின கதையைச் சொன்னால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. பெட்டியோடு வந்த போல்ட்டு ரேக்கின் துளைக்குச் சேரவில்லை. கடை கடையாக அலைந்து கடைசியில் ஒரு சைக்கிள் கடையில் சேருகிற போல்ட்டு கிடைத்தது. தொலைபேசி லைன்களைக் கொண்டுவந்த லைன்மேன் எது எந்த லைன் என்று எழுதிக்கூட ஒட்டாமல், எல்லாவற்றையும் சுவர்ப் பலகையில் குத்திவிட்டுக் காப்பி குடிக்கப் போனவர் போனவர்தான். ஒவ்வொரு லைனுக்கும் நானே டயல் செய்து, எந்த மோடத்தில் விளக்கு மினுக்குகிறது என்று பார்த்துப் பார்த்து வரிசைப்படுத்தினேன். அன்றைக்கே அந்த விளக்குகள் எனக்குப் பழகிவிட்டன. மேல் விளக்கு மினுக்கினால் ஃபோன் மணி அடிக்கிறது. அடுத்த விளக்கு பிடித்து எரிந்தால் மோடம் ஃபோனை எடுத்துவிட்டது. கீழே இரண்டும் துடித்துக்கொண்டிருந்தால் ஆள் வேலை செய்கிறார்.

வாடிக்கையாளர்களுக்கு நாங்கள் கொடுத்தது ஒரே எண். அந்த எண்ணுக்கு வருகிற அழைப்பை எக்ஸ்சேஞ்ச் முதல் லைனுக்கு அனுப்பும், அது பிஸியாக இருந்தால் இரண்டாவதுக்கு, அதுவும் பிஸி என்றால் மூன்றாவதுக்கு. நல்ல ஏற்பாடுதான். ஒரே ஒரு வில்லங்கம். ஏதாவது ஒரு மோடம் மண்டு மாதிரி மரத்துப் போய் நின்றுவிட்டால், அதன் லைனில் மணி அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்காது. எக்ஸ்சேஞ்சைப் பொறுத்தவரை அந்த லைன் பிஸி இல்லை, காலி. ஆகவே அடுத்து அழைக்கிறவரையும் அங்கேதான் கொண்டுபோய்த் தள்ளும். கெட்டுப்போன ஒன்று நல்லவை அத்தனையையும் மறைத்துக்கொண்டு நிற்கும். நான் விளக்கைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் உடனே கண்டுபிடித்துவிடுவேன், அந்த லைனில் டெஸ்ட் ஃபோனை மாட்டி ரிசீவரை எடுத்து வைத்து பிஸியாக்கிவிடுவேன். அப்புறம் ஓய்வாக மோடத்தைச் சரிசெய்யலாம்.

எங்கள் வாடிக்கையாளர்களில் அக்ரஹாரத்திலிருந்து ஒரு பெண்மணி. மேலுகோட்டைப் பக்கத்து வைஷ்ணவக் குடும்பம். அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதை இறக்கி, கேட்டு, டைப் அடித்துத் திருப்பி அனுப்புவது அவர் வேலை. பெங்களூரில் ஒரு ஏஜென்சி அவருக்கு வேலை கொடுத்தது. இணைப்பில் கோளாறு என்றால் ஆபீஸ் ஃபோனில் கூப்பிடுவார். கன்னடத்தில் ஆரம்பித்தோம், ஒருநாள் நான் அவசரத்தில் "இருங்க்கா" என்று சொல்லித் தொலைக்க, ஓ, தமிழா, எந்த ஊர்த் தமிழ் இது, கொள்ளேகாலமா என்று சிரித்தார். உங்கள் தமிழை விடவா என்று நானும் விடவில்லை. அதற்குப் பிறகு கோளாறு இல்லாவிட்டாலும் சில நாள் கூப்பிடுவார். நேரில் பார்த்ததில்லை. இரண்டு அறை வாடகை வீடு, பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள், இவ்வளவு தெரியும். கணவர் வெளியூரில் வேலையாக இருப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் மழைக் காலத்தில் அவருக்கு நேரம் சரியில்லை. ஒருமுறை கரன்ட் போய் வேலை தாமதமானது. இன்னொரு முறை மழையில் தெரு கேபிளே நனைந்து ஃபோன் செத்துக் கிடந்தது. ஏஜென்சிக்காரர்கள் இனி ஒரு தடவை தாமதமானால் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். வேலை போனால் மேலுகோட்டையில் சொந்தக்காரர் வீட்டுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போய் அவர்களுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு கிடக்க வேண்டியதுதான் என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

தசரா வந்தது. ஆயுத பூஜை அன்று எங்கள் முதலாளி காலையிலேயே வேட்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். நல்ல மனிதர், கன்னடக்காரர், எல்லாவற்றையும் தன் கையால் செய்ய வேண்டும் என்கிற ரகம். ஸ்க்ரூடிரைவர், கட்டிங் பிளேயர், டெஸ்ட் ஃபோன் எல்லாவற்றையும் சாமுண்டி படத்தின் முன்னால் அடுக்கி நூல் சுற்றிப் பூ வைத்தார். கதவில் மாவிலை. ரேக்குக்குச் சாமந்தி மாலை. பிறகு சந்தனத்தைக் குழைத்து எடுத்துக்கொண்டு மோடம் மோடமாக வந்தார். பொட்டு எங்கே வைப்பது என்று அவருக்கு ஒரு கணம் யோசனை. முகம் என்று இருந்தால் நெற்றி இருக்கும் அல்லவா, விளக்கு இருக்கிற இடம்தான் நெற்றி என்று முடிவு செய்து, ஒவ்வொன்றின் நான்கு விளக்குகள் மீதும் சேர்த்துக் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். கொஞ்சம் கீழே வைக்கலாமே என்று நான் சொன்னதற்கு, நெற்றியை விட்டு மூக்கிலா வைப்பார்கள் என்று கேட்டார். சரி, எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று நான் பொரி தின்னப் போய்விட்டேன்.

இணைப்பை நிறுத்தினால் வாடிக்கையாளர் கத்துவார்கள், அதனால் மெஷின் ஓடலாம், ஆனால் பூஜை செய்த எதையும் நாளைக் காலை வரை கையால் தொடக் கூடாது என்பது அவர் கண்டுபிடித்த சமரசம். ஃபோன் வந்தால் மட்டும் பதில் சொல் என்று என்னை உட்கார வைத்துவிட்டு, காருக்குப் பூஜை போட வீட்டுக்குக் கிளம்பினார். வாசலில் நின்று "முட்டபேடம்மா" என்று ஒரு தடவை, படியில் நின்று இன்னொரு தடவை சொன்னார். தொடாதே, தொடாதே. கீழே தெருவில் பூசணிக்காய் உடைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அமெரிக்காவில் ஆயுத பூஜை கிடையாது. கொஞ்ச நேரத்தில் அக்ரஹாரத்து அக்கா கூப்பிட்டார். காலையிலிருந்து டயல் பண்ணிக்கொண்டே இருக்கிறாராம், மணி அடிக்கிறதாம், எடுக்கவில்லையாம். மதியத்துக்குள் ஃபைல் பெங்களூர் போய்ச் சேர வேண்டும். மின்சாரம் இல்லை, மழை என்று ஏற்கெனவே இரண்டு காரணம் சொல்லியாகிவிட்டது, மூன்றாவதாக எங்கள் பேரைச் சொன்னால் எந்த மடையன் நம்புவான் என்றார். குரலில் சிரிப்பு இல்லை. அவரை லைனில் வைத்துக்கொண்டே இன்னொரு ஃபோனிலிருந்து எங்கள் எண்ணுக்கு நானே டயல் செய்தேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

ஏதோ ஒரு மோடம் மரத்துவிட்டது. எது என்று பார்க்க ரேக்கின் முன்னால் போய் நின்றேன். பதினாறு சந்தனப் பொட்டும் காய்ந்து ஓடாகி என்னைப் பார்த்தன. ஒரு விளக்கும் தெரியவில்லை. பெட்டியையே அணைத்துப் போட்டால் ஒருவேளை சரியாகும், ஆனால் லைனில் இருக்கிற மற்றவர்கள் எல்லாரும் அறுந்துபோவார்கள். அவர்களில் யாருக்கு என்ன அவசரமோ. பொட்டை அழித்தால்தான் வழி.

நான் பெரிய பக்திமான் இல்லை. முதலாளி திட்டுவார் என்கிற பயமும் பெரிதாக இல்லை. ஆனாலும் கை போகவில்லை. பூஜை அன்றைக்கு, வைத்த பொட்டை, ஒரு பெண் தன் கையால் அழிப்பது என்றால் எங்கள் வீட்டில் வளர்ந்த யாருக்கும் மனசு வராது. ஃபோனை எடுத்து அதை அக்காவிடமே சொன்னேன்.

"பொட்டு விளக்கை மறைச்சிருக்குதுங்க்கா. அழிச்சாத்தான் எதுன்னு தெரியும். இன்னைக்குப் போயி எப்படி அழிக்கிறதுன்னு இருக்குது."



"அழியுங்கோ" என்றார். "என் நெத்திலேர்ந்தும்தான் அழிச்சா, மூணு வருஷம் ஆறது. ஒண்ணும் நின்னு போயிடலை. நான் வேலை பண்ணிண்டுதானே இருக்கேன்."

ஃபோனை வையுங்கள், ஐந்து நிமிஷம் கழித்து டயல் பண்ணுங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் வீட்டில் இருந்தது ஒரே லைன், பேசுவதும் அதில்தான், ஃபைல் அனுப்புவதும் அதில்தான்.

துப்பட்டா முனையைத் தண்ணீரில் நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்தேன். திரும்ப டயல் செய்துவிட்டு வந்து பார்த்தால், மூன்றாவது மோடத்தில் மேல் விளக்கு மினுக்கியது, அடுத்தது எரியவே இல்லை. அதுதான் ஆசாமி. முதல் இரண்டிலும் காலையிலிருந்தே யாரோ வேலை செய்துகொண்டிருந்தார்கள், அதனால் வருகிற அழைப்பெல்லாம் நேராக இதன் தலையில் விழுந்துகொண்டிருந்தது. இனி லைனைப் பிஸியாக்க வேண்டும். டெஸ்ட் ஃபோன் சாமுண்டியின் காலடியில் நூல் சுற்றிக் கிடந்தது. பொட்டை அழித்த பாவம் ஒன்று போதும், அதையும் ஏன் தொடுவானேன் என்று தோன்றியது. துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, சுவர்ப் பலகையில் அந்த லைனின் இரண்டு கம்பிகளுக்கும் குறுக்கே சொருகினேன். இரண்டு கம்பியும் சேர்ந்தால் ரிசீவரை எடுத்து வைத்த மாதிரிதான், எக்ஸ்சேஞ்ச் அந்த லைனைப் பிஸி என்று எடுத்துக்கொள்ளும். சொருகுகிற நேரம் பார்த்து மணி அடித்து, விரலில் சுரீரென்று ஷாக் அடித்தது. ஊக்குக்கு யாரும் பூஜை செய்யவில்லை, அதனால் அது ஆயுதம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காவது மோடத்தில் மேல் விளக்கு மினுக்கியது. இரண்டாவது பிடித்துக்கொண்டது. கம்ப்யூட்டர் திரையில் அவர் பேர் வந்தது. கீழ் விளக்குகள் துடிக்க ஆரம்பித்தன. டயல்-அப்பில் ஒரு ஃபைல் போய்ச் சேருவதற்குள் சாதம் வடித்துவிடலாம். நான் உட்காரவில்லை. விளக்குகள் அணைந்தபோது முடிந்து அணைந்ததா, நடுவில் அறுந்ததா என்று தெரியவில்லை. ஃபோன் அடித்தது.

"சேர்ந்துடுத்து" என்றார்.

மிச்சமிருந்த சந்தனத்தைக் குழைத்து எல்லா மோடத்துக்கும் திரும்பப் பொட்டு வைத்தேன், இந்தத் தடவை விளக்குகளுக்குக் கீழே. மறுநாள் முதலாளி வந்து வெகு நேரம் உற்றுப் பார்த்தார். மெஷின் சூட்டுக்குச் சந்தனம் இறங்கிவிட்டதா என்று கேட்டார். இறங்கிவிட்டது என்றேன். ஊக்கைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அடுத்த வருஷ ஆயுத பூஜைக்கு முதலாளி பழைய வாடிக்கையாளர்களையும் கூப்பிட்டிருந்தார். அக்கா மகளோடு வந்தார். நான் நினைத்ததை விட இளையவர். நெற்றியில் ஒன்றும் இல்லை. முதலாளி சந்தனக் கிண்ணத்தை வந்த பெண்களிடம் ஆளுக்கு ஒரு மோடம் என்று நீட்டிக்கொண்டே வந்தார். அக்காவிடம் வந்தபோது அவர் நெற்றியைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம் நீட்டினார். வேண்டுமென்று செய்தவர் இல்லை, கை பழக்கம். அக்காவும் பழக்கப்பட்டவர் மாதிரி சுவர் ஓரமாக நகர்ந்துகொண்டார். மகள் மட்டும் அம்மாவைப் பார்த்தாள். எனக்குக் கோபம் சுள்ளென்று ஏறியது. கிண்ணத்தை முதலாளியின் கையிலிருந்து வாங்கி அக்காவின் முன்னால் நீட்டினேன்.

எது என்று அக்கா கேட்டார். நான்காவதைக் காட்டினேன். அக்கா சந்தனத்தைத் தொட்டு, குனிந்து, விளக்குகளை ஒரு தடவை பார்த்துவிட்டு, அவற்றுக்குக் கீழே வைத்தார்.