என் தோளில் எடுத்த அளவு

எங்கள் குடும்பத்தில் யார் உடம்பில் அளவெடுக்கிறார்களோ அவருக்குத்தான் உடுப்பு. தீபாவளிக்கு முன்னால் கூலாய் பட்டணத்துத் தையற்கடை அக்கா என் தோளிலும் இடுப்பிலும் டேப்பை ஓட்டினால், அந்தப் பஞ்சாபி உடுப்பு என்னுடையது. அதில் பேச்சுக்கே இடமில்லை. உலகத்தைப் பற்றிப் பன்னிரண்டு வயதில் நான் உறுதியாகத் தெரிந்துவைத்திருந்த ஒருசில விஷயங்களில் அதுவும் ஒன்று. ஆகவே, யோங் பெங்கில் ஒரு துப்பாக்கிக் கடையில் என்னை நிற்கவைத்து அளவெடுத்தபோது நான் என்ன நினைத்துக்கொண்டேனோ, அதற்காக என்னைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

அப்போது நாங்கள் செடெனாக்கில், ஒரு தாமான் குடியிருப்பின் கடைசி வரிசை வீட்டில் இருந்தோம். வீட்டுக்குப் பின்னால் சாக்கடை, அதற்குப் பின்னால் செம்பனைத் தோட்டம். அப்பா லாரி ஓட்டுபவர். வடக்கே போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. அம்மாவுக்குச் சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை. விடிவதற்குள் பஸ் வந்துவிடும். அந்த வருடங்களில் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் எங்களுக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை. சிங்கப்பூர்க்காரர்களுக்குச் சனியும் ஞாயிறும். ஆக, எனக்குப் பள்ளி இல்லாத வெள்ளிக்கிழமை அம்மா சிங்கப்பூர்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம். அம்மா வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை நான் பள்ளிக்கூடத்தில். சனிக்கிழமை ஒன்றில்தான் இருவரும் வீட்டில் இருப்போம். அன்று அம்மா தூங்குவார்.

வெள்ளிக்கிழமைகளை நான் வெறுத்தேன். டிவி பார்ப்பேன். ஃபிரிட்ஜைத் திறப்பேன், மூடுவேன். கிரில் கதவுக்குப் பின்னால் நின்று, எதிர்வீட்டில் துணி காய்வதைப் பார்ப்பேன். யாரிடமாவது பேசவேண்டும்போல இருக்கும், அழுகையாக வரும். அழுதால் பார்க்க ஆளில்லை என்பதால் அதையும் விட்டுவிட்டேன்.

ஆளில்லை என்று சொன்னது முழு உண்மை அல்ல. பின்னறையில் மாமா இருப்பார். அம்மாவின் தம்பி. செம்பனை எண்ணெய் ஆலையில் இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டுக் காலையில் வந்து படுத்தால் பொழுது சாய்ந்துதான் எழுந்திருப்பார். நான் இரண்டாம் ஆண்டு படித்தபோது ஒரு பையோடு வந்து சேர்ந்தவர். அதற்குமுன் மெர்சிங்கில் அவருக்கு ஒரு வீடு இருந்தது, அத்தை இருந்தார், என்னைவிட ஒரு வயது மூத்த ஒரு மகள் இருந்தாள். அந்த மூன்றைப் பற்றியும் எங்கள் வீட்டில் பேசக்கூடாது. நான் பின்னறைப் பக்கம் போனாலே அம்மா தடுத்துவிடுவார்.

"மாமாவுக்கு மனசு சரியில்ல. நீ போய்த் தொந்தரவு பண்ணாத."

மனசு சரியில்லாமல் ஒருவர் இத்தனை வருடம் இருக்கமுடியுமா என்று எனக்கு எரிச்சலாக வரும். எனக்கும்தான் சரியில்லை. என்னை யாராவது தொந்தரவு செய்யமாட்டார்களா என்று நான் ஏங்கிக்கொண்டிருந்தேன்.

மாமாவிடம் ஒரு காற்றுத் துப்பாக்கி இருந்தது. விளையாட்டுச் சாமான் அல்ல. பந்தயங்களில் அட்டையை நோக்கிச் சுடுகிற துப்பாக்கி. இளவயதில் மாநில அளவில் சுட்டவராம். லைசன்ஸ் அவர் பெயரில், துப்பாக்கி க்ளுவாங்கில் ஒரு கிளப்பின் இரும்பு அலமாரியில். மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது போய்ச் சுட்டுவிட்டு வருவார். அன்று மட்டும் சாப்பிடும்போது அவர் முகத்தில் கொஞ்சம் உயிர் இருக்கும். மறுநாள் பழையபடி ஆகிவிடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை, தூங்கப் போகாமல், கூடத்துக்கு வந்து நின்றார்.

"சட்ட மாத்திக்கிட்டு வா. யோங் பெங் போலாம். கொஞ்சம் வேல இருக்கு."

எனக்கு வேறென்ன வேண்டும்? நெடுஞ்சாலையில் மாமா ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆனாலும் அது இருவர் சேர்ந்து பேசாமல் இருப்பது. வெள்ளிக்கிழமைக் கூடத்தில் நான் ஒருத்தி பேசாமல் இருப்பதற்கும் அதற்கும் எவ்வளவோ வித்தியாசம் உண்டு.

கடை முதலாளி ஒரு வயதான சீனர்; தவுக்கே என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். தமிழர்கள் வேலைசெய்த ஏதோ தோட்டத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவராம், கொச்சையாகத் தமிழ் பேசினார், அதுவும் நிறுத்தாமல். கிளப்பிலிருந்து கொண்டுவந்த துப்பாக்கியை மாமா பெட்டியைத் திறந்து காட்டினார். தோளில் வைக்கிற நீளமான பின்கட்டை, கறுத்துப் பளபளத்த மரம்.

"இவ அளவுக்கு வெட்டணும் தவுக்கே," என்றார் மாமா, என் தோளில் கைவைத்து.

தவுக்கே என்னைப் பார்த்தார், துப்பாக்கியைப் பார்த்தார், பிறகு மாமாவைப் பார்த்தார்.

"வெட்டினா ஒட்ட முடியாது லா. அப்பறம் நீ சுட முடியாது. உன் கை நீளம். தெரியுமா?"

"தெரியும்."

"வேற கட்டை வாங்கி மாட்டலாம். இது நல்ல மரம்."

"இதையே வெட்டுங்க."

மாமா தன் துப்பாக்கியை எனக்காக வெட்டுகிறார்! தவுக்கே என் கையை மடக்கச்சொல்லி, முழங்கையின் உள்மடிப்பிலிருந்து சுட்டுவிரல் வரை டேப்பை வைத்தார். தோளுக்கும் கன்ன எலும்புக்கும் இடையில் அளந்தார். உள்ளங்கையை விரிக்கச்சொல்லி மரத்தின்மேல் வைத்து, சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டார். பென்சில் முனை விரல்களுக்கிடையில் போனபோது கூச்சமாக இருந்தது, சிரித்துவிட்டேன். மாமா சிரிக்கவில்லை. பரீட்சை முடிவைக் கேட்கப்போகிறவர் மாதிரி நின்றிருந்தார்.

"வளர்ற புள்ள. ஒரு விரல் கூட வச்சு வெட்டுங்க," என்றார்.

தையற்கடையில் அம்மா சொல்வதும் இதேதான். மடிப்புக்குள் கொஞ்சம் துணி விட்டுத் தைக்கச்சொல்வார். எனக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது.

வேலை முடிய சில வாரங்கள் ஆகும் என்றார் தவுக்கே. கட்டையை வெட்டுவதோடு முடிந்துவிடாதாம். சின்ன ஆளுக்குக் கனம் தாங்காது, அதனால் மரத்தின் உள்ளே குடைந்து எடுக்கவேண்டும். டிரிகரை இளக்கவேண்டும். காற்று கசியும் இடங்களில் ரப்பர் மாற்றவேண்டும். கன்னம் பதிவதற்கு இடப்பக்கத்தில் புதிதாக ஒரு மேடு செதுக்கவேண்டும். மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். திரும்பும் வழியில் எனக்குக் குடிக்க ஒரு மீலோ பொட்டலம் வாங்கிக்கொடுத்தார்.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைகள் மாறின. மாப் குச்சியை எடுத்துத் தோளில் வைத்து, கூடத்தின் நடுவில் அசையாமல் நிற்கப் பழகினேன். எதிர்வீட்டுத் துணிகள்தான் குறி. மனதுக்குள் சனிக்கிழமைகளைப் போட்டுப் பார்த்துக்கொண்டேன்: மாமாவும் நானும் காரில் போவது, சுடுவது, திரும்பும்போது ரொட்டி சானாய் சாப்பிடுவது, மாமா எனக்குச் சொல்லிக்கொடுப்பது. யாரோ ஒருவருக்கு நான் வேண்டும் என்ற நினைப்பு எவ்வளவு பெரிய துணை என்று அந்தச் சில வாரங்களில் தெரிந்துகொண்டேன். அம்மாவிடம்கூட மூச்சுவிடவில்லை. சொன்னால் நின்றுபோய்விடுமோ என்று பயம்.

துப்பாக்கியை வாங்கிவரவும் என்னைத்தான் கூட்டிப்போனார். தவுக்கே அதை ஒரு தாங்கியில் பொருத்தி, கடைக்குப் பின்னால் இருந்த சிறிய சுடுமிடத்தில் வரிசையாகச் சுட்டுக் காட்டினார். குண்டின் வேகத்தை ஒரு கருவி எண்ணாகக் காட்டியது. ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய அதே எண். அட்டையில் எல்லாக் குண்டும் ஒரே ஓட்டைக்குள் போயிருந்தது. பிறகு காற்றை இறக்கிவிட்டு என் கையில் கொடுத்தார்.

தோளில் வைத்தேன். கன்னம் மேட்டில் பதிந்தது. தலையைச் சாய்க்கவும் இல்லை, நீட்டவும் இல்லை. கண் தானாகக் குறிவட்டத்துக்கு நேராக வந்து நின்றது. பிடியில் என் விரல் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் இருந்தது.

"கஷ்டமா இருக்கா?" என்று கேட்டார் மாமா.

"இல்ல மாமா. சரியா இருக்கு."

"கழுத்து வலிக்குதா? உண்மையச் சொல்லு."

"வலிக்கல மாமா."

அவர் என் பின்னால் வந்து, முழங்கையை லேசாகத் தூக்கிவிட்டார், எட்டி நின்று பார்த்தார், திரும்ப வந்து தொட்டார். அவ்வளவு நேரம் என்னை யாரும் பார்த்ததே இல்லை.

"சனிக்கிழம க்ளுவாங் போறேன். வர்றியா?" என்றார் காரில்.

வர்றியாவாம். இதைப் போய்க் கேட்கவேண்டுமா?

அந்தச் சனிக்கிழமை மாமா இஸ்திரி போட்ட சட்டை அணிந்துகொண்டார். முகத்தில் பவுடர் தெரிந்தது. நான் பள்ளி விளையாட்டு உடையில் போனேன். கிளப்பில் அன்று பள்ளிகளுக்கான ஏதோ போட்டி; அப்போதுதான் முடிந்திருந்தது. பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக நின்று நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக ஒரு கூட்டத்தைப் பார்த்து நடந்தார். அதிலிருந்து நெட்டையாக ஒரு பெண் எழுந்து வந்தாள். அவளுக்குப் பின்னால், கூரைக்குக் கீழே, கையில் காரின் சாவியோடு ஒரு பெண்மணி நின்றிருந்தார். போட்டோ எதிலும் பார்த்ததில்லை என்றாலும் அத்தை என்று தெரிந்துவிட்டது.

மகள் தன் பள்ளியின் சுடும் குழுவில் சேர்ந்த செய்தி மாமாவுக்கு யார் மூலமோ எட்டியிருந்தது. என்னிடம்தான் யாரும் சொல்லவில்லை.

மாமா மேசையில் பெட்டியை வைத்துத் திறந்தார்.

"உனக்குத்தான். உன் அளவுக்குச் செஞ்சது. லீவுல இங்க வந்து சுடலாம். நான் சொல்லிக் குடுக்கறேன்."

நான் இத்தனை வாரம் காத்திருந்த வார்த்தைகள். ஒன்றுகூட மாறவில்லை, ஆள்தான் மாறிவிட்டது. எனக்கு அந்தப் பெண்ணின்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அது என் கை, என் கன்னம் என்று கத்தவேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. எங்கள் வீட்டில் நாங்கள் யாருமே கத்தியதில்லை.

அவள் துப்பாக்கியைப் பத்திரமாக எடுத்தாள். எடுத்து, இடது தோளில் வைத்தாள்.

கன்னத்துக்குச் செதுக்கிய மேடு மறுபக்கம் வெளியே தெரிந்தது. அவளுடைய இடது கை பிடியைத் தேடித் தேடிப் பார்த்தது. என் வலது கைக்குக் குடைந்த பள்ளங்களில் அது எப்படி உட்காரும்? அத்தைதான் மெதுவாகச் சொன்னார்.

"அவ எடது கை. அஞ்சு வயசுல தடிக்கா போறப்பவே எடது கையிலதான எழுதுனா. அப்ப நீங்க வீட்டுலதான இருந்தீங்க."

அதில் கோபமே இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை என்று இப்போது தோன்றுகிறது.

"ஆமா, ஆமா," என்றார் மாமா. "மறந்துட்டேன்."

அந்தப் பெண் நல்ல பெண். அவளை வெறுக்க எனக்கு ரொம்பப் பிரயாசையாக இருந்தது. வலது தோளுக்கு மாற்றி, கழுத்தைக் கோணிக்கொண்டு, ஒரு குண்டு சுட்டாள். அட்டையில் படவேயில்லை. "பரவால்லப்பா, நான் ஸ்கூல் ரைஃபில்லயே சுட்டுக்கறேன். அது பழகிருச்சு," என்று சொல்லித் துப்பாக்கியைப் பெட்டிக்குள் படுக்கவைத்தாள். அப்புறம் கூட்டாளிகள் கூப்பிட்டதும் போய்விட்டாள்.

மாமா பெட்டியைக் கிளப் அலமாரியில் வைத்துப் பூட்டினார். இனி அது அவர் தோளுக்கும் ஆகாது.

காரில் நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அழுதால் தெரியக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். செம்பனைத் தோட்டங்கள் வந்துகொண்டே இருந்தன. திடீரென்று மாமா, சாலையைப் பார்த்தபடியே, கேட்டார்.

"நீ எந்தக் கையில எழுதுற?"

வலது கையைத் தூக்கிக் காட்டினேன்.

"சோறு?"

"அதுவும் இதுலதான் மாமா." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தினமும் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்குத் தெரியாதா என்ன?

"என்ன கலர் புடிக்கும் உனக்கு?"

"பச்ச."

"கிளாஸ்ல பக்கத்துல யாரு உக்காருவா?"

சொன்னேன். அவள் எப்படிப்பட்டவள், என்ன சண்டை, எல்லாம் சொன்னேன். கணக்கு பிடிக்குமா, நீச்சல் தெரியுமா, இடி இடித்தால் பயப்படுவேனா, ராத்திரி லைட் போட்டுக்கொண்டுதான் தூங்குவேனா என்று அவர் கேட்டுக்கொண்டே வந்தார். என்னை ஒருதடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பதில் சொன்னதும், சரியா என்று யோசிப்பவர்போலச் சற்று நிறுத்திவிட்டு, அடுத்ததைக் கேட்டார். துப்பாக்கி போனது, அந்தப் பெண், ஆத்திரம், எல்லாம் எனக்கு மறந்தே போய்விட்டது. கடைசியில் மாமா என்னோடு பேசுகிறார். இதற்குத்தானே இத்தனை நாள் தவம் கிடந்தேன்?

அந்தக் கேள்விகளில் ஒன்றுகூட எனக்கானதல்ல என்பதோ, மெர்சிங்கில் இருந்த ஒருத்தியிடம் கேட்காமல் விட்டதையெல்லாம் கேட்டுப்பார்க்கப் பக்கத்தில் கிடைத்த ஆள் நான் என்பதோ எனக்கு அன்று புரியவில்லை. எங்கள் வீட்டு வாசலில் மாமா காரை நிறுத்திவிட்டு, இஞ்சினை அணைக்காமல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நானும் இறங்கவில்லை.

"இன்னும் கேளுங்க மாமா," என்றேன்.