மடிப்பு அக்கா தூக்கிய கை

அட்டைப் பெட்டித் தொழிற்சாலையில் அவரை எல்லோரும் ‘மடிப்பு அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்பது வருடம் கையால் பெட்டி மடித்தவர். பசை இயந்திரத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், தேறினால் வேலை நிரந்தரம் என்றதும் முதல் ஆளாக வந்து நின்றார்.

பழக்க வேண்டியவன் நான். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. ஊரில் அப்பா இன்றும் வருகிறவர்களிடமெல்லாம் என் சான்றிதழை எடுத்துக் காட்டுவார். அந்த மிதப்பு எனக்கும் உண்டு. முதல் நாள் அவர் “தம்பி” என்றபோது, “சார்னு சொல்லுங்க” என்றேன்.

“சரிங்க சார். இந்த மெஷின்ல இருக்குற முப்பத்தொரு வேலையையும் ஒரே மூச்சுல சொன்னா என் மண்டையில ஏறாது. முன்னாடியே சொல்லிட்டேன்.”

ஐந்து பகுதியாகப் பிரித்தேன். நாளுக்கு ஒன்று. ஒரு பகுதி முடிந்ததும் கையைத் தூக்கி நிற்க வேண்டும். நான் வந்து ‘சரி’ என்ற பிறகே அடுத்தது. பசை இல்லாமல் வெறுமனே ஓட்டிப் பழகினோம். சாப்பிடும்போதும் அக்கா விரல் மடக்கி மனப்பாடம் செய்தார்.

“பள்ளிக்கூடத்துல இப்படிப் படிச்சிருந்தா கலெக்டர் ஆயிருப்பே” என்றாள் உடன் மடிப்பவள்.

“ஆயிருந்தா உன்னை யாருடி மேய்க்கிறது?”

தேர்வு நாளில் சூடான பசை. மூன்றாம் பகுதியின் கடைசி வேலை பசையைத் திறப்பது. நான்காவதின் முதல் வேலை உருளையைச் சுழல விடுவது. நடுவே நின்றால் பசை ஆறி உருளையைப் பிடித்துக்கொள்ளும். அதை நான் சொல்லவே இல்லை.

அக்கா பசையைத் திறந்தார். கையைத் தூக்கினார். நின்றார்.

மேனேஜர் அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவரிடம் என் பயிற்சி முறையின் அருமையை அளந்துகொண்டிருந்தேன். தூக்கிய கை தெரிந்தது. இந்த வாக்கியத்தை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். வாக்கியம் நீண்டுவிட்டது. உருளை இறுகிப்போனது.

“ஏம்மா மரம் மாதிரி நின்னே?” என்றார் மேனேஜர்.

“மறந்துட்டேங்க” என்றார், என் பக்கம் திரும்பாமல். மறுபடி மடிப்புக்கே அனுப்பிவிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் மேனேஜரிடம் போனேன்.

“அவங்க மறக்கல சார். நிக்கச் சொன்னதே நான்தான்.”

“இதை அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?”

“இன்னொரு வாய்ப்புக் கொடுங்க சார்” என்றேன். “நாளைக்கு இன்னொரு தடவை செய்யட்டும். இதான் கடைசி” என்றார்.

அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். பசையைத் திறந்ததும் நிற்காமல் உருளையைச் சுழல விட வேண்டும் என்றும் சொன்னேன். “ஏன்க்கா மறந்துட்டேன்னு சொன்னீங்க?”

“உங்களை மாட்டிவிட்டா அப்புறம் எனக்கு யாரு சொல்லித் தருவா?” மடித்த பெட்டியை அடுக்கின்மேல் வைத்தார்.

மறுநாள் அவர் பசையைத் திறந்ததும் பழகிய கை பாதி உயர்ந்தது. தயங்கியது. பிறகு இறங்கி விசையை அழுத்தியது. உருளை சுழன்றது. முதல் பெட்டி ஒட்டி வந்தது. வேலை நிரந்தரம் என்றார் மேனேஜர். எல்லோரும் கைதட்டினார்கள்.

“சரியா செஞ்சேனா சார்?” என்றார் அக்கா.

தம்பி என்று கூப்பிட்டிருக்கலாம்.