துர்காதேவி போட்ட மரத்தரை

கம்பெனியில் துர்காதேவிக்கு ‘ரிஜெக்ட் அக்கா’ என்று பெயர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பத்தொன்பது வருடமாக அவள் சோதனை மேசையில் நிற்கிறாள். ஒவ்வொரு வளையத்தையும் அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பச்சைப் பெட்டி, இல்லையென்றால் சிவப்புப் பெட்டி. “லோடு போவணும்மா” என்று சூப்பர்வைசர் பக்கத்தில் நின்று கெஞ்சினாலும் சிவப்புக்குப் போனது திரும்பி வராது.

பத்தொன்பது வருடம் சிமெண்டுத் தரையில் நின்றதில் குதிகால் போய்விட்டது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி டைல்ஸில் காலை ஊன்றினால் ஆணி ஏறினது போல் இருக்கும். கம்பெனியில் மேசைகளுக்கு முன்னால், ஏறி நின்று வேலை பார்க்க மரத்தட்டு போட்டார்கள். ஒரே மாதத்தில், பஸ் ஏறும்போது நொண்டுவது குறைந்தது. அப்போதே முடிவு செய்துவிட்டாள், சோழவரத்தில் இருக்கும் தன் வீட்டில் படுக்கையறைக்கும் சமையலறைக்கும் மரத்தரை போடுவதென்று.

அவள் கணவர் பூவராகவன் வள்ளூர் மின்நிலையத்தில் ஒப்பந்த எலக்ட்ரீசியன். “மரத்தரையா? ஏரிக்கரையில ஊடு வெச்சிக்கினு?” என்று சிரித்தார்.

சிரித்தாலும் அவர்தான் தனக்குத் தெரிந்த தச்சர் சின்னராசுவைக் கூட்டி வந்தார். சின்னராசு கண்ணாலேயே அளந்தார். “ஒரே நாள் வேலைக்கா. டைல்ஸ் மேலயே பலகைய ஒட்டிட்டுப் போயினே இருப்பேன்.”

“மழைல கீழருந்து ஈரம் ஏறும்ணா. அதுக்கு இன்னா பண்ணுவீங்க?”

“அதெல்லாம் ஒண்ணும் ஆவாது.”

“ஆவாதுன்னு எத வெச்சு சொல்றீங்க?”

சின்னராசு பூவராகவனைப் பார்த்தார். பூவராகவன் ஜன்னலைப் பார்த்தார். அளக்காமல் சொல்கிற ஆளிடம் தன் தரையைக் கொடுக்க துர்காதேவிக்கு மனம் வரவில்லை. டீ கொடுத்து, யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டாள்.

“அப்ப யாரு போடுவா?” என்றார் பூவராகவன்.

“நானே போட்டா இன்னா?”

“நீ இன்னா கார்பெண்டரா? கோணலாப் போச்சுன்னா வாழ்நாள் முச்சூடும் அது மேலதான் நடக்கணும். பேஜாரு.”

அவர் சொன்னதில் தப்பில்லை என்று அவளுக்கும் தெரியும். அதனால் உடனே பலகை வாங்க ஓடவில்லை. மதிய சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் மரத்தரை போடும் வீடியோக்களைப் பார்த்தாள். நோட்டில் எழுதிக்கொண்டாள். ஐப்பசி மழையில் ஏரி நிறையத் தொடங்கியதும், ஈரம் ஏறுகிறதா என்று பார்க்க இரண்டு அறைத் தரையிலும் ஒரு முழ அகல பிளாஸ்டிக் காகிதத்தை விரித்து நாலு ஓரமும் டேப் ஒட்டினாள். மறுநாள் பிரித்தபோது சமையலறைக் காகிதத்தின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். படுக்கையறையில் லேசான மூச்சுப் படிந்தது போல ஒரு மங்கல் மட்டும்.

“பாத்தியா? வுட்டுடு” என்றார் பூவராகவன்.

“வெயில் வரட்டும். இன்னொரு தபா பாக்கலாம்.”

நாலு மாதம் காத்திருந்தாள். அதற்குள் செங்குன்றத்தில் எபினேசர் என்பவரின் மரக்கடையில், யாரோ எடுக்காமல் விட்ட தேக்குப் பலகைகள் கிடைத்தன. ஒரு பக்கம் நாக்கு போல நீண்டும் மறுபக்கம் அது நுழையப் பள்ளமாகவும் இருந்தன. அதில் நாலை எடுத்து வந்து மொட்டைமாடியில் பழைய பிளைவுட் மேல் வைத்துப் பழகினாள். நாக்கின் ஓரத்தில் ஆணியைச் சாய்த்து அடித்தால் அடுத்த பலகை வந்து அதை மறைத்துவிடும். முதல் நாள் கட்டை விரல் வீங்கியது. ஒரு மாதத்தில் ஆணி சொன்ன இடத்தில் இறங்கியது.

மாசியில் மறுபடியும் காகிதம் ஒட்டிப் பார்த்தாள். படுக்கையறை காய்ந்திருந்தது. சமையலறையில் இன்னும் இரண்டு சொட்டு. அவள் அதிகம் நிற்கிற இடம் சமையலறைதான், ஆசையெல்லாம் அதன் மேல்தான் இருந்தது. ஆனாலும் சமையலறை வேண்டாம் என்று அன்றே நோட்டில் அடித்துவிட்டாள். படுக்கையறை மட்டும், அதுவும் தன் கையால்.

மற்ற பலகைகளையும் வாங்கி வந்து ஒரு வாரம் அறையிலேயே அடுக்கி வைத்தாள், அந்த அறையின் காற்றுக்குப் பழகட்டும் என்று. ஞாயிற்றுக்கிழமை கட்டிலை ஹாலுக்குத் தள்ளினாள். டைல்ஸ் மேல் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு, அதன் மேல் பிளைவுட், அதற்கும் மேல் பலகை. மரம் உப்பினால் விரிய, சுவரோரம் சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி. மதியத்துக்குள் ஐந்து வரிசை முடிந்தது. நூல் பிடித்துப் பார்த்தாள். ஒரு முனைக்கும் மறு முனைக்கும் கால்வாசி விரல்கடை வித்தியாசம். முதல் வரிசையே கோணல். சுவர் நேராக இருக்கும் என்று நம்பி அதிலிருந்தே இடைவெளியை அளந்து அடித்திருந்தாள்.

பூவராகவன் குனிந்து பார்த்தார். “இவ்ளோண்டுதானே. கட்டில் போட்டா தெரியாது.”

“மத்தவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்ல.”

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பசி வேறு. அழுதுவிடுவாளோ என்று அவருக்குத் தோன்றியது. அவள் எழுந்து ஆணி பிடுங்கியை எடுத்து, ஐந்தாவது வரிசையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினாள். அவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வந்து, பலகைகளை உடையாமல் வாங்கி வாங்கி அடுக்கினார். மூன்று பலகையில் நாக்கு உடைந்தது, மற்றவை தப்பின.

அடுத்த ஞாயிறு, சுவரை விட்டுவிட்டு நூலை நம்பி ஆரம்பித்தாள். அதற்கடுத்த ஞாயிறு சாயங்காலம் கடைசிப் பலகை உட்கார்ந்தது. அப்போதுதான் பார்த்தார்கள், தரை உயர்ந்துவிட்டதால் கதவு மூடவில்லை.

கதவின் அடியை அறுக்க துர்காதேவியே சின்னராசுவுக்கு போன் செய்தாள். அவர் வந்து கதவைக் கழற்றிச் சாய்த்து வைத்துவிட்டு, அறைக்குள் செருப்பில்லாமல் ஒரு சுற்று நடந்தார். “நல்லாத்தான்கா போட்டிருக்கீங்க. ஆனா ஜன்னல் பக்கம் இடைவெளி பத்தாது. மழைல எகிறும்.”

அவர் சொன்னபடியே கார்த்திகையில் ஜன்னலோரப் பலகை ஒன்று விளிம்பில் தூக்கிக்கொண்டது. அவள் அதை எடுத்து, ஓரத்தைச் சீவி, மறுபடி பொருத்தினாள். மிச்சப் பலகையில் சமையலறைக்கு, தூக்கி மாடியில் காயவைக்கிற மாதிரி ஒரு மரத்தட்டு செய்துகொண்டாள். குதிகால் வலி முழுக்கப் போகவில்லை. குளிர் நாளில் வரும், மற்ற நாட்களில் மறந்திருக்கிறது.

அந்த அறையைத் துடைக்கிற வேலையை யாரும் சொல்லாமலே பூவராகவன் எடுத்துக்கொண்டார். தண்ணீர் நிறைய ஊற்றித் துடைத்தால் மரம் கெடும் என்று, துணியை ஒட்டப் பிழிந்து, பலகையின் நீளவாக்கில் துடைப்பார். பொங்கலுக்கு வந்த அவருடைய தங்கை செல்லியம்மாள் கால் கழுவிய ஈரத்தோடு உள்ளே நுழையப் போனபோது வாசலிலேயே மறித்தார்.

“கால தொடச்சிக்கினு வா. என் பொண்டாட்டி போட்ட தரை அது.”