பெண்கள் தொழுத அறை

நூருன்னிசா லாத்தாவுக்குக் கோபமே வராது என்று கிள்ளானில் ஒரு பேச்சு உண்டு. அப்படிச் சொன்னவர்களை அன்று பள்ளிவாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்க வேண்டும்.

லாத்தாவுக்கு அறுபது வயது. கணவர் மௌத்தான பிறகு, பழைய பள்ளிவாசலுக்கு எதிரே தூடோங் கடை போட்டு, தலைத்துணி விற்றே பிள்ளைகளைக் கரையேற்றினார். பக்கத்துக் கடையில் நான் வளையல் விற்கிறேன். அவர் வீடு கம்போங் மேடானில். தொழுவதற்காக அவ்வளவு தூரம் போய்வர முடியுமா? பாங்கு சொன்னதும் இருவரும் கடையை மூடிவிட்டுப் பள்ளிக்கு ஓடுவோம். அந்தக் காலத்தில் அதைக் கட்டிய தமிழ் வியாபாரிகள் தேக்குத் தூணும் வண்ணக் கண்ணாடியும் வைத்ததோடு நிற்கவில்லை. பெண்களுக்கென்று ஓர் அறையும் கட்டினார்கள். மரச் சல்லடைத் தடுப்பு வழியாக இமாம் ஓதுவது தெளிவாகக் கேட்கும்.

அந்த அறையைத்தான் நிர்வாகம் பிடுங்கியது. பள்ளிவாசலின் வரலாற்றைக் காட்டப் படக் கண்காட்சி வைக்கிறார்களாம். எங்களைக் கார் நிறுத்தும் கொட்டகையில், துணித் தடுப்புக்குப் பின்னால் தொழச் சொன்னார்கள். லாத்தா நடையாய் நடந்து கேட்டார். தலைவர் ஹாசிம், சின்ன வயதில் ஐஸ் கேட்டு லாத்தாவை நச்சரித்த பயல், பார்க்கலாம் பார்க்கலாம் என்றே அனுப்பிவிட்டான். திமிரைப் பாருங்கள்.

திறப்பு விழா அன்று, நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் இருவரும் அந்த அறைக்குள் போனோம். முதல் படத்தின் கீழே, 'முற்காலத்தில் பெண்கள் இங்கே தொழுதார்கள்' என்று எழுதியிருந்தது. லாத்தா ஹாசிமைக் கூப்பிட்டார்.

“தம்பி, போன வாரம் வரைக்கும் நாங்க இங்கதான் தொழுதோம். உசிரோட இருக்கும்போதே எங்களைப் படமா மாட்டிட்டியா?”

அவன் சிரித்து மழுப்பினான். லாத்தா வாசலை ஒட்டி விரிப்பை விரித்துத் தக்பீர் கட்டித் தொழ ஆரம்பித்தார். நானும் பக்கத்தில் நின்றேன். அறைக்கு ஒரே வாசல். உள்ளே வர எங்கள் முன்னால் குறுக்கே நடந்தாக வேண்டும். தொழுகிறவர் முன்னால் நடக்க எந்த முஸ்லிமுக்குத் துணிவு வரும்? ரிப்பன் வெட்ட வந்த விருந்தாளிகள் கத்தரிக்கோலோடு வெளியே வேர்த்து வழிந்தார்கள்.

நாலு ரக்அத் தொழுது முடித்து ஸலாம் கொடுத்ததும் ஹாசிம் குனிந்து கெஞ்சினான். “லாத்தா, போதும் லா. பெரிய ஆளுங்க நிக்கிறாங்க.”

“நிக்கட்டும். எனக்கு இன்னும் சுன்னத்துத் தொழுகை இருக்கு. அப்புறம் என் புருஷன் ஆஸ்பத்திரியில கெடந்த வருஷம் விட்டுப்போன தொழுகை அத்தனையும் பாக்கி இருக்கு.”

சொல்லிவிட்டு எழுந்து மறுபடியும் கையை உயர்த்தினார்.