பொய்க்கார வண்டி

எங்கள் சைக்கிள்காரர் இரண்டு வருஷத் தடை முடிந்து மறுபடி ரேஸில் இறங்குகிறார் என்று கேள்விப்பட்ட அன்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கட்டபெட்டு பஜாரில் தையல் கடை வைத்திருந்தேன். யாரோ ஒருவர் கோட்டுக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். அவர் கன்னாபின்னாவென்று திட்டினார். திட்டிவிட்டுப் போகட்டும் என்றிருந்தது. எனக்கே பெண் அமைந்திருந்தால்கூட அவ்வளவு குதித்திருக்க மாட்டேன்.

கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்கு வருஷா வருஷம் நடக்கும் ரேஸ் அது. அப்போதெல்லாம் அதற்காக ரோட்டை அடைக்க மாட்டார்கள், பஸ்ஸும் லாரியும் ஊடே போய்க்கொண்டிருக்கும். மிஸ்ட் இறங்கி ரோடு மறைந்த ஒரு வளைவில் அவர் எஸ்டேட் தேயிலை லாரியின் பின்சங்கிலியைப் பிடித்துத் தொத்திக்கொண்டு மேடேறினார் என்று புகார். மலையில் சைக்கிள் வைத்திருக்கும் பால்காரரிலிருந்து எல்லாரும் செய்வதுதான். ரேஸில் செய்யக் கூடாது, அவ்வளவுதான். அந்த லாரியை ஓட்டியவர் என் அக்கா வீட்டுக்காரர்.

கமிட்டிக்காரர்கள் கூப்பிட்டுக் கேட்டார்கள். மச்சான், "ஆமாங்க, கண்ணாடில பாத்தனுங்க" என்றார்.

"பாத்தீங்கன்னா ஏன் வண்டிய நிறுத்தல?"

"நிறுத்துனா மோதி உளுந்துருவாருங்க. அதான் மெதுவா உருட்டிட்டுப் போனனுங்க."

அவர் சாட்சியில் சைக்கிள்காரருக்கு இரண்டு வருஷத் தடை விழுந்தது. அந்தப் பதிலைத்தான் அவருடைய ரசிகர்கள் நாங்கள் பிடித்துக்கொண்டோம். பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பார், நிறுத்தவில்லை, ஆகவே பார்க்கவே இல்லை, சொன்னது பொய். டீக்கடையில் இதை முதலில் சொன்னவன் நான்தான். லாரி ஓட்டத் தெரிந்த எவனும் கேட்டுச் சிரித்திருப்பான். எங்கள் கூட்டத்தில் லாரி ஓட்டத் தெரிந்தவன் ஒருவனும் இல்லை.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மச்சான் பொய் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும். பெண் பார்க்க வந்த இடத்திலேயே, தனக்கு ஒரு காது மந்தம் என்று அவராக வாயைத் திறந்து சொன்ன மனிதர். தெரிந்தும், ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்ட் வாங்கி, அவர் லாரியின் பின்பலகையில் 'பொய்க்காரன் வண்டி' என்று எழுதினேன். துணியில் கோடு போட்டுப் பழகிய கை. எழுத்து அழகாகவே வந்தது.

மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் அது முழுசாகப் போகவில்லை. இலை எடை போடும் இடத்தில் பெண்கள், "பொய்க்கார வண்டி வந்துருச்சு, இலையக் கட்டுங்கடி" என்பார்கள். அவர் குனிந்த தலை நிமிராமல் பலகையை இறக்குவார். டீக்கடைக்குள் வந்தால் பேச்சு நின்றுவிடும். பிறகு யாராவது, "ஏனுங்க டிரைவரே, இன்னிக்கு கண்ணாடில என்ன தெரிஞ்சுது?" என்று கேட்பான். எல்லாரையும்விட நான்தான் சத்தமாகச் சிரிப்பேன். ஆறு மாதத்தில் மச்சான் வேலையை விட்டுவிட்டு அக்காவோடு தேவர்சோலைப் பக்கம் போய்விட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அக்கா பஸ் ஏறினாள். சனி விட்டது என்று நினைத்தேன்.

சைக்கிள்காரர் தடை முடிந்து இறங்கிய ரேஸ் அன்றைக்குச் சிவப்பு சாட்டின் துணியில் 'சிங்கம் வருது' என்று எழுத்து வெட்டித் தைத்து எடுத்துக்கொண்டு ஊட்டிக்குப் போனேன். அவர் மூன்றாவதாக வந்தார். எனக்கு அதுவே போதும். தொண்டை கட்டிப்போகக் கத்திவிட்டு, கூட்டத்தை இடித்துத் தள்ளிப் போய் மாலை போட்டேன். கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த லாரி டிரைவரோட மச்சினன் நானு. ஆனா அப்பவும் இப்பவும் உங்க பக்கந்தானுங்க" என்றேன்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "அட, அவரா? தங்கமான மனுசனுங்க. நான் தொத்துனத கண்ணாடில பாத்துட்டு வண்டிய அலுங்காம உருட்டுனாரு. வேற ஆளா இருந்தா ஒரு ஆட்டு ஆட்டி பள்ளத்துல உட்டிருப்பான். சௌக்கியமா இருக்காருங்களா?"

"சௌக்கியமுங்க" என்றேன். அவர் அதற்குள் போட்டோ எடுப்பவர் பக்கம் திரும்பிவிட்டார்.

அடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்கு வந்த அக்கா கடை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. சைக்கிள்காரர் சொன்னதை அப்படியே சொன்னேன். செருப்பைக் கழற்றி அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"அது எங்களுக்குத் தெரியாதாடா?" என்றாள். "அவரு உம்மேல கோவமே படல. எம்மச்சினன் நெசமா நம்பித்தான் எழுதியிருப்பான், தெரிஞ்சே செய்யற ஆளில்லைம்பாரு. அதச் சொல்லிச் சொல்லித்தான் மனசத் தேத்திக்கறாரு" என்றாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள். "நம்பித்தானடா எழுதுன?"

"ஆமாக்கா, நம்பித்தான் எழுதினேன்" என்றேன்.

அக்கா தலையை ஆட்டிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள். போனதும் அவரிடம் சொல்லியிருப்பாள்.